பதிவான பத்திரம் எதற்குச் சாட்சி?

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலத்துக்குக் கிராக்கி ஏறிய பிறகு, மரக்காணம் உப்பளங்களையும் எக்கியார்குப்பம் போன்ற மீனவர் ஊர்களையும் ஒட்டி மனை தேடுவோருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் நம்முடையது. இந்த நம்பிக்கை பாதிதான் சரி. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் பார்ப்பது, எழுதிக் கொடுத்தவர் அவர்தானா, அவர் ஒப்புக்கொண்டுதான் எழுதினாரா, முத்திரைத் தீர்வை சரியா என்பவற்றைத்தான். விற்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டா என்று தீர்ப்பளிப்பது அவர் வேலையே அல்ல. மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டில் இருந்த 55-ஏ விதியின் முக்கியப் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொன்னதற்கும் இதுவே காரணம்.

கடற்கரையில் இது இன்னும் ஆபத்தானது. பட்டா நிலம், நத்தம், புறம்போக்கு, உப்பளத்துக்குக் குத்தகை விட்ட அரசு நிலம் எல்லாம் இங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வேலி பார்த்து வகை தெரியாது. அரசு நிலத்தை விற்கும் பத்திரத்தை உரிய அனுமதியின்றிப் பதியக் கூடாதென்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. ஆனால் பத்திரத்தில் உள்ள சர்வே எண் ஒன்றாகவும் தரையில் காட்டும் இடம் வேறாகவும் இருந்தால், அலுவலக மேசையில் அது தெரியப்போவதில்லை. உரிமை சுத்தமாகவே இருந்தாலும், கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தலாம். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. வில்லங்கச் சான்றிதழும் பதிவானதை மட்டுமே காட்டும். தகப்பனார் இறந்து பிள்ளைகளுக்கு வந்த பங்கும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் ஏறுவதில்லை.

அப்படியானால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவு கட்டாயம். பதியாத விற்பனைப் பத்திரம் உரிமையை மாற்றாது. பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலம் வாங்கிவிட்டதாக நினைப்பதும் வீண் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பதிவு ஊரறிந்த அறிவிப்பு: அதே நிலத்தை அடுத்து வாங்க வருபவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய ஏழைக்கு இந்தக் காவல் கிடைப்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை.

பதிவாளருக்கே கூடுதல் அதிகாரம் கொடுத்தால் என்ன என்பார்கள். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் வந்த 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாதென்றது. சாட்சி விசாரித்து உரிமையைத் தீர்மானிக்க உரிமையியல் நீதிமன்றம்தான் இடம். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பது உண்மை. அதற்கு மருந்து நீதிமன்றங்களை விரைவாக்குவதே தவிர, அவற்றின் வேலையை ஓர் அலுவலரிடம் தள்ளுவதல்ல. எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே 30 ஆண்டு வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, சர்வே வரைபடம் நான்கையும் வைத்து, சர்வேயரை அழைத்து நிலத்தை அளந்து பாருங்கள். கடலோரம் என்றால் கட்டட அனுமதி கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.