லோயர் கேம்ப்பில் ஒரு மணிமண்டபம்

தேனியில் பஸ் ஏறி, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டினால் குமுளி மலைச்சாலை தொடங்கும் இடத்தில் லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் அங்கேதான் இருக்கிறது. பெருநகரச் சதுக்கங்களில் போரில் வென்றவர்களுக்குத் தூண் நிறுத்துவார்கள். கம்பம் பள்ளத்தாக்கோ தண்ணீர் கொண்டுவந்த இன்ஜினீயரைக் கும்பிடுகிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று, 2013-ல் மண்டபம் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதே நாளில் விவசாயிகள் மாலையோடு வந்து பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைத்த வீடுகளும் இங்கே உண்டு.

முழு உருவச் சிலையைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். வெளியே வந்து மலையை அண்ணாந்து பாருங்கள். மேலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, இங்கே மின்சாரம் தந்துவிட்டு வயலுக்குப் போகிறது. உண்மையான நினைவுச்சின்னம் அதுதான் என்பேன்.

ஆற்றைத் திருப்பும் யோசனை பழையது. ராமநாதபுரம் சமஸ்தானத்து முத்து இருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதற்கு முயன்றார். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சூறையாடிய பிறகுதான் அரசு அசைந்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. மறு ஆண்டு வேலை தொடங்கியது. ஆற்றை மறித்த தடுப்புகளை வெள்ளம் அடித்துப் போனது. மறுபடியும் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கொண்டு எழுப்பிய அணை 1895-ல் திறக்கப்பட்டது.

இங்கிலாந்துச் சொத்தை விற்றுப் பென்னிகுவிக் அணை கட்டினார் என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அந்தக் கதை இல்லாவிட்டாலும் அவர் பெருமை குறையாது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறதே, அது போதும்.

என் மனக்குறை வேறு. யானைக் காட்டில் கல் சுமந்து, மலேரியாவிலும் காலராவிலும் செத்த கூலிகளின் பெயரை யார் சொல்கிறோம்? இதே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்ட வீரனின் பெயரை அவற்றில் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து நிற்கிறது. மாட்டுக்கான சண்டையில் மாண்டவனுக்கே கல் நட்ட மண் இது. தண்ணீருக்காக மாண்டவர்களுக்கும், பெயர் தெரியாவிட்டாலும், லோயர் கேம்ப்பில் தனியாக ஒரு நடுகல் எழுப்ப வேண்டும். அரசு செய்யட்டும், தாமதித்தால் பாசன விவசாயிகளே முன்னின்று செய்யலாம்.