இரவில் வார்டு, பகலில் வகுப்பு
டிப்ளமோ நர்ஸ் பட்டதாரி ஆவதற்கு வழி இருக்கிறது. நேரத்தை யார் தருவது என்பதுதான் பிரச்னை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வார்டில் இரண்டு நர்ஸ்கள். ஒருவர் ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர், மற்றவர் பி.எஸ்சி. நர்சிங் பட்டதாரி. ஒரே சீருடை, ஒரே டூட்டி சார்ட். ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கு யார் எது படித்தவர் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் ஆசைப்படமாட்டார்.

ஆனால் வார்டைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தால் வித்தியாசம் முகத்தில் அறைகிறது. எம்.எஸ்சி. நர்சிங்கில் சேரப் பட்டம் வேண்டும். நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகி மேலே போக வேண்டுமானால் அந்த எம்.எஸ்சி. வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் தேர்வுக்குப் பட்டதாரி நேரடியாக விண்ணப்பிக்கலாம். டிப்ளமோக்காரருக்கோ குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள்.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். 'அடிப்படைக்குப் பிந்தைய' பட்டம். 3 ஆண்டு ராப்பகலாக வார்டில் நின்று கற்றதெல்லாம் வெறும் 'அடிப்படை' என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்! கல்லூரிக்குப் போய்ப் படித்தால் 2 ஆண்டு. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உளவியல், மனநல நர்சிங் எல்லாம் உண்டு. டிப்ளமோவைவிடக் கூடுதல் அழுத்தம் பெறுபவை நிர்வாகம், கற்பித்தல், ஆராய்ச்சியும் புள்ளிவிவரமும்.

கணக்கு இங்கேதான் இடிக்கிறது. பிளஸ் 2 முடித்து நேரே பி.எஸ்சி. சேர்ந்தவருக்கு 4 ஆண்டில் பட்டம். டிப்ளமோ வழியாக வருபவருக்கு 3ம் 2ம் சேர்த்து 5. வீட்டில் வசதியில்லாமல், ஒரு வருடம் முன்னதாகவே சம்பாதிக்கலாம் என்று டிப்ளமோவுக்குப் போன பெண்தான் கடைசியில் அதிக காலம் படிக்கிறார். ஐ.சி.யூ.வில் 10 ஆண்டு வென்டிலேட்டரோடு வாழ்ந்தவரானாலும் சரி, போன வருடம் டிப்ளமோ முடித்தவரானாலும் சரி, அதே 2 ஆண்டுதான். அனுபவத்துக்காக ஒரு மாதம்கூடக் குறையாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 2010இல் மருத்துவக் கழகத்தின் அறிக்கை ஒன்று 2020க்குள் 80 சதவீத நர்ஸ்கள் பட்டதாரிகளாக வேண்டும் என்றது. நியூயார்க் மாநிலம் 2017இல், புதிதாகப் பதிவு செய்யும் நர்ஸ்கள் 10 ஆண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என்று சட்டமே போட்டது. வேலையை விடாமல், பெரும்பாலும் இணையம் வழியாக, ஏறத்தாழ ஒன்றிரண்டு ஆண்டில் முடிக்கும் படிப்புகள் அங்கே ஏராளம்.

இந்தியாவில் வேலையை விடாமல் படிக்க வழி வகுத்தது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1990களில் அது கொண்டுவந்த தொலைநிலை போஸ்ட் பேசிக் படிப்பு 3 ஆண்டு. பிளஸ் 2வுக்குப் பின் டிப்ளமோ முடித்தவருக்கு 2 ஆண்டு அனுபவம் தேவை. பத்தாம் வகுப்போடு டிப்ளமோ படித்த பழைய தலைமுறைக்கு 5 ஆண்டு. நர்சிங்கைத் தபாலில் படித்துவிட முடியாது. நேர்முக வகுப்புகளும் செய்முறைப் பயிற்சியும் கட்டாயம். அந்த நாட்களில் லீவு கிடைக்குமா என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிப்பதில்லை. டூட்டி சார்ட் போடும் நர்சிங் சூப்பரின்டென்டெண்ட் தீர்மானிக்கிறார். ஆள் பற்றாக்குறை உள்ள ஆஸ்பத்திரியில் அவரையும் குறை சொல்ல முடியாது.

அரசு வேலை என்றால் நிலைமை தேவலை. மத்திய அரசு ஊழியர் 5 ஆண்டு பணிக்குப் பிறகு, பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து 24 மாதம் வரை படிப்பு விடுப்பு கேட்கலாம். திரும்பி வந்து வேலை செய்வதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்கு அப்படி எதுவும் இல்லை. வேலையை விட்டால் சம்பளம் போச்சு. அந்தச் சம்பளமும் எவ்வளவு? 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய நிலை இருந்ததால்தானே சொன்னார்கள்?

அப்படியானால் படிப்பைச் சுருக்கிவிடலாமா? அங்கேயும் ஆபத்து காத்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் தகுதியில்லாத நர்சிங் கல்லூரிகள் பற்றி உயர் நீதிமன்ற உத்தரவின்படி விசாரித்த சி.பி.ஐ., லஞ்சம் வாங்கிக்கொண்டு கல்லூரிகளுக்கு நற்சான்று கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் 2024இல் தன் இன்ஸ்பெக்டரையே கைது செய்தது. முழுப் படிப்புக்கே இந்த கதி என்றால், குறுக்கு வழி திறந்தால் எத்தனை கடைகள் முளைக்கும்! காலத்தைக் குறைப்பதானால் அனுபவத்தைச் சோதித்துக் குறைக்க வேண்டும். வார்டில் நிறுத்தித் தேர்வு வைத்து, தெரிந்த பாடத்துக்கு விலக்குத் தரலாம்.

சம்பளத்துக்காக மட்டும் சேர்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். எய்ம்ஸில் நர்சிங் ஆபீசராக நுழையும் பட்டதாரிக்கும் டிப்ளமோக்காரருக்கும் ஆரம்பச் சம்பளம் ஒன்றே. பட்டத்தின் பலன் அதற்குப் பிறகு, எம்.எஸ்சி.யிலும் ஆசிரியர் வேலையிலும் தெரியும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பட்டம் கைக்கு வந்ததும் அதைக் கூடுதல் தகுதியாக மாநில கவுன்சிலில் பதிவு செய்துவிட வேண்டும்.