மண்மேட்டுக்குள் மாசிடோனிய மன்னர்கள்

வட கிரேக்கத்தில் வெர்கினா என்றொரு சிற்றூர். அங்கே 110 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய மண்மேடு. 1977 நவம்பர் 8 அன்று தொல்லியலாளர் மனோலிஸ் அந்திரோனிகோஸ் அதற்கடியில் புதைந்திருந்த கல்லறையின் வளைகூரையில் ஒரு கல்லைப் பெயர்த்து, ஏணி வைத்து உள்ளே இறங்கினார். கொள்ளையர் கை படாத அறை! பளிங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தங்கப் பேழை. மூடியில் 16 கதிர் விண்மீன். பேழைக்குள் எரியூட்டிய எலும்புகள், ஓக் இலைகளைத் தங்கத்தில் வடித்த ஒரு மாலை.

இந்த வெர்கினாதான் மாசிடோனியாவின் பழைய தலைநகர் ஐகை. அரசவை பெல்லாவுக்குப் போன பிறகும் மன்னர்களைப் புதைக்க இங்கேதான் கொண்டுவந்தார்கள். கி.மு. 336இல் மன்னர் இரண்டாம் பிலிப் தம் மகளின் திருமண விழாவின்போது இவ்வூர் அரங்கிலேயே மெய்க்காவலன் பாசனியாஸால் குத்திக் கொல்லப்பட்டார். இருபது வயது மகன் அலெக்சாண்டர் அரியணை ஏறினார்.

ஏதென்ஸின் பேச்சாளர் டெமொஸ்தனிஸ் பிலிப்பைக் கிரேக்கரே அல்லாத காட்டுமிராண்டி என்று ஏசினார். அது அரசியல் வசை. நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கடைசிக் காலத்தைக் கழித்தது மாசிடோனிய அரசவையில்தான். மேட்டு மண்ணில் கிடைத்த உடைந்த நடுகற்களில் இருப்பவையும் பெரும்பாலும் கிரேக்கப் பெயர்களே. சொல்லப்போனால், ஏதென்ஸ் மக்களாட்சியில் பழகிவிட்ட காலத்தில் மாசிடோனியர்கள் ஹோமரின் வீரர்களைப் போல வாழ விரும்பினார்கள். சிதையில் எரித்த எலும்பை ஊதாத் துணியில் சுற்றித் தங்கப் பெட்டியில் வைப்பது ஹோமரின் இலியட் காவியத்தில் வீரன் ஹெக்டருக்குச் செய்த சடங்கு. கல்லறை முகப்பு ஓவியத்திலும் வேட்டைதான்: குதிரைமேல் சிலர், ஈட்டியுடன் தரையில் சிலர், வளைக்கப்பட்ட சிங்கம்.

வேட்டை அங்கே வெறும் பொழுதுபோக்கு அல்ல. வலையில்லாமல் காட்டுப்பன்றியை ஈட்டியால் கொன்றவனே விருந்தில் சாய்ந்து படுத்து உண்ணலாம் என்பது வழக்கம். பின்னாளில் மன்னரான கசாண்டர் 35 வயதிலும் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டதாக ஒரு பழைய குறிப்பு கேலியில்லாமல் சொல்கிறது. பாவம், நல்ல வேட்டைக்காரர்தான். பன்றி மட்டும் அகப்படவில்லை!

தங்கப் பேழையில் இருப்பவர் யார்? பிலிப் என்றார் அந்திரோனிகோஸ். அலெக்சாண்டரின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர் அரிடேயஸ் என்று வாதிடுவோர் உண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வோ பக்கத்துக் கல்லறையில் இறுகிப்போன முழங்கால் மூட்டைக் காட்டி, ஈட்டிக் காயத்தால் நொண்டிய பிலிப் அங்கேதான் கிடக்கிறார் என்றது. பேழைக்காரர்தான் பிலிப் என்போர் அதை ஏற்கவில்லை.