பொட்டு வைத்த பொத்தான்

இழுப்பறைக்குள் ஒரு காலம் – 9

மாமாவின் மேஜை இழுப்பறையில், ரயில்வே பாஸ் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்கு அடியில் கிடந்தது அந்தப் போன். எடுத்து என் கையில் வைத்தார். வெள்ளை உடம்பு, லேசாக வளைந்த முதுகு. மேல்பாதியில் சின்னத் திரை, கீழ்ப்பாதி முழுக்க எழுத்துப் பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் கீழே, வலது மூலையில், குங்கும நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

“மாமி ஒட்டினது” என்றார். “ராத்திரி சீர்காழி பாட்டு போட்டுண்டு படுப்பேன். அந்த இடம் மட்டும் விட்டு விட்டு வெளிச்சம் போடும். யாரோ இருட்டுல கண் சிமிட்டற மாதிரி இருக்குன்னு ஒட்டிட்டா.”

மாமா எங்கள் மேல்வீட்டுக்காரர். தென் மத்திய ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு ஒன்று தேறும். மௌலாலி பக்கம் ரயில்வே, நேரேட்மெட் பக்கம் ராணுவம் என்று வேலைக்கு வந்தவர்கள், பென்ஷன் வாங்கத் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பாமல் ஆனந்த்பாகிலோ சபில்குடா ஏரியோரமோ மனை வாங்கித் தங்கிவிட்டார்கள். மாமா வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, கறிகாய்க் கடையில் தக்கினி பேசுவார். போனில் மட்டும் சத்தமான தமிழ்.

பொட்டுக்கு அடியில் இருப்பது ஃபேஸ்புக்கின் ‘எஃப்’. போனின் பெயர் எச்டிசி சாச்சா. 2011 பிப்ரவரியில் பார்சிலோனா மொபைல் கண்காட்சியில் தைவானின் எச்டிசி நிறுவனம் ஜோடியாக இரண்டு போன்களைக் காட்டியது. முழுத் தொடுதிரை கொண்டது சால்சா, எழுத்துப் பொத்தான் வைத்தது சாச்சா. இரண்டும் நடனங்களின் பெயர். ஸ்பெயினில் ‘சாச்சா’ என்றால் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் குறிக்கும் பேச்சு வழக்கு என்பதால் அங்கே ஒரு ‘சா’வைக் கூட்டிச் ‘சாசாசா’ ஆக்கினார்கள். ஹைதராபாத்தில் யாரும் மாற்றவில்லை. இங்கே சாச்சா என்றால் சித்தப்பா. சித்தப்பா பெயரில் ஒரு போன் வந்தால் அதை மறுக்கிற ஊரா இது!

அதே 2011-இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 15,000 ரூபாய் அளவில். ஐபோன் வாங்க முடியாதவர்களும் சாதாரண நோக்கியாவில் திருப்தி அடையாதவர்களும் நின்ற நடுப்படி அது. மாமாவின் மகன் சென்னையிலிருந்து வாங்கி வந்து, பேரன் படங்களை ஃபேஸ்புக்கில் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனான்.

பதினைந்து வருஷத்துப் போனை இன்று மதிப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். புதுப் போனைப் பெட்டி பிரித்த வாரமே மதிப்பிடுவதைவிட நியாயம் என்றுதான் நினைக்கிறேன். கல்யாணப் பந்தலில் வைத்து யாரையும் எடைபோட முடியாது.

பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஆனந்த்பாக் கடைத்தெருவில் ரிப்பேர்க் கடைப் பையனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேட்டரி தொரகது மேடம்” என்று உதட்டைப் பிதுக்கினான். கிடைக்காது என்றவனே நாலாம் நாள் ஆபிட்ஸ் ஜகதீஷ் மார்க்கெட்டிலிருந்து ஒன்றை வரவழைத்தும் விட்டான். ஹைதராபாத்தில் கைபேசி சம்பந்தமாக ‘தொரகது’ என்ற சொல்லுக்கு ஜகதீஷ் மார்க்கெட் வரைதான் ஆயுள். பின்மூடியைத் தள்ளி, பழைய பேட்டரியை நகத்தால் நெம்பி, புதியதைப் போட்டு மூட அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிட சுகம் இன்றைய ஒட்டிவைத்த போன்களில் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இதன் எழுத்துப் பொத்தான்கள் அருமை. ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி, அழுத்தினால் விரலுக்குத் தெரிகிற ஒரு சின்னப் பள்ளம். அழைப்பை எடுக்கவும் வைக்கவும் தனித்தனிப் பொத்தான். கண்ணாடியைத் தேடாமல் மாமாவால் போன் எடுக்க முடிந்தது இதனால்தான். திரை 2.6 அங்குலம், அகலவாக்கில். படம் பார்க்கப் போதும், செய்தித்தாள் படிக்கப் போதாது. 5 மெகாபிக்சல் கேமரா பகலில் சமாளிக்கும். உட்சேமிப்பு 512 எம்பி, இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவுக்கே காணாது. சால்சா வாங்கியிருந்தால் 3.4 அங்குலத் திரை கிடைத்திருக்கும், பொத்தான்கள் போயிருக்கும். மாமாவுக்கு மகன் சரியானதைத்தான் எடுத்திருக்கிறான்.

இனி அந்தப் பொட்டு. மற்ற போன்களில் ஃபேஸ்புக் என்பது திரையில் இருக்கும் பல சதுரங்களில் ஒன்று. இதில் அது உலோகமும் பிளாஸ்டிக்குமாக உடம்போடு பிறந்தது. நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைப் போன் கவனிக்கும். பாட்டு ஓடினால், இணையப் பக்கம் திறந்திருந்தால், படம் எடுத்தால், “இதை நண்பர்களுக்குச் சொல்லலாமே” என்று பொத்தான் ஒளிரும். ஒரு தட்டு தட்டினால் பாட்டின் பெயரோ படமோ பக்கத்தின் முகவரியோ ஃபேஸ்புக்குக்குப் போகத் தயாராகும். அழுத்திப் பிடித்தால் நீங்கள் இருக்கும் இடத்தையே அறிவிக்கலாம். சீர்காழி பாடும்போது மாமிக்குக் கண் சிமிட்டியது இதுதான்.

இன்னொரு ஏற்பாடு எனக்கு இன்றும் விசித்திரமாகத் தெரிகிறது. ஒருவரை அழைத்தால், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஃபேஸ்புக்கில் கடைசியாக எழுதியதையும் அவர் பிறந்தநாள் நெருங்குவதையும் திரை காட்டும். பேச்சைத் தொடங்க ஒரு நூல் எடுத்துக் கொடுக்கிற எண்ணம். துக்கம் விசாரிக்க அழைக்கும்போது அவர் போன மாதம் போட்ட ஜோக் திரையில் வந்து நின்றால்? வடிவமைத்தவர்களுக்கு அந்த யோசனை எழுந்திருக்காது. எல்லாரும் எப்போதும் பார்ட்டிக்குக் கிளம்புகிறவர்கள் என்று நினைத்துச் செய்த போன் இது.

மாமா ஃபேஸ்புக் பார்த்தார். பேரன் படங்களுக்கு விருப்பம் போட்டார். ஆனால் பொத்தானை அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். “நான் பாட்டு கேக்கறதை ஊருக்கு எதுக்கும்மா சொல்லணும்? சொல்லணும்னா நங்கநல்லூர்ல அக்காகிட்ட சொல்வேன். அவதான் சீர்காழி பைத்தியம்.”

இந்தப் போனின் முழு மதிப்பீடும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது என்பேன். பொத்தான் ‘எல்லாருக்கும்’ சொல்லச் சொன்னது. மாமாவிடம் அக்காவுக்குச் சொல்லத்தான் சேதி இருந்தது. அக்காவின் பேர் ஃபேஸ்புக்கில் இல்லை, போனின் முகவரிப் பட்டியலில் இருந்தது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டது. தனிப் பொத்தான் கேட்கவில்லை, பெயர்-கடவுச்சொல் கேட்கவில்லை, நம்பர் இருந்தால் போதும் என்றது. இன்று எங்கள் காலனியின் உண்மையான சமூக வலைத்தளம் ஒரு வாட்ஸ்அப் குழு. தண்ணீர் எத்தனை மணிக்கு, கரண்ட் போனது உங்கள் வீட்டிலுமா, கேட்டருகே சாவிக்கொத்து கிடந்தது, பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்று தெலுங்கு, இந்தி, தமிழ் மூன்றும் ஆங்கில எழுத்தில் ஓடும்.

அந்த ஆங்கில எழுத்துப் பழக்கத்துக்கும் சாச்சா தலைமுறைப் போன்களுக்கும் உறவு உண்டு. அன்றைய ஆண்ட்ராய்டு 2.3-இல் கூகுள் தமிழ் எழுத்துரு வைக்கவில்லை. தயாரித்தவர் தானாகச் சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் தமிழ்ப் பதிவு முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினி உலாவியில் ஒரு ரகசிய அமைப்பைத் திருப்பி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துப் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நண்பர்கள் வட்டத்தில் நான் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தே பெயர் வாங்கினேன். தமிழ் ஆண்ட்ராய்டுக்குள் வந்தது நான்காம் பதிப்புக் காலத்தில், தெலுங்கு அதற்கும் பிறகு. உறவுகளை இணைக்கவென்றே பிறந்த போன்களின் காலத்தில் உறவுகளின் மொழிக்கு இடம் இருக்கவில்லை.

ஃபேஸ்புக் தன் இந்திய முதல் அலுவலகத்தை 2010-இல் திறந்தது வேறெங்கும் இல்லை, இதே ஹைதராபாத்தில். கீர்த்திகா ரெட்டி அதற்குத் தலைமை ஏற்றார். அவர்கள் உட்கார்ந்த ஐடி வட்டாரம் ஊரின் மேற்குக் கோடி. நாங்கள் கிழக்குக் கோடி. நடுவே செகந்திராபாத். அந்த நாட்களில் இன்டர்நெட் இல்லாத சாதாரண போனிலும் *325# என்று தட்டி, நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்து ஃபேஸ்புக் பார்க்கும் வசதியை ஏர்டெல் போன்றவர்கள் விற்றார்கள். 15,000 ரூபாய்ப் பொத்தானையும் ஒரு ரூபாய்க் குறுக்கு வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு ரூபாய்க்காரர்தான் இந்தியாவைப் புரிந்துகொண்டவர் என்று தோன்றுகிறது.

பொத்தான் ஆசை எச்டிசிக்கு மட்டும் வந்ததல்ல. நம் ஊரில் நாய்க்குட்டி விளம்பரத்தோடு திரிந்த ஹட்ச்சின் தாய் நிறுவனமாக இருந்த ஹட்ச்சிசன், ஐஎன்க்யூ1 என்ற ஃபேஸ்புக் போனை 2008-லேயே செய்து பார்சிலோனாவில் பரிசும் வாங்கியது. மைக்ரோசாஃப்டின் கின் 2010 மே மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, ஜூன் முடிவதற்குள் கைவிடப்பட்டது. நோக்கியா 2012-இல் ஆஷா 205-க்கு ஃபேஸ்புக் பொத்தானும், 2013-இல் ஆஷா 210-க்கு வாட்ஸ்அப் பொத்தானும் வைத்தது. எச்டிசியே 2013 ஏப்ரலில் மார்க் ஸக்கர்பெர்க் மேடையேற ‘ஃபர்ஸ்ட்’ என்ற போனை வெளியிட்டது. பூட்டுத்திரை முழுக்க ஃபேஸ்புக் விரியும். ஒப்பந்தத்தோடு 99.99 டாலர் என்று தொடங்கியதை ஏறத்தாழ ஒரு மாதத்தில் 99 சென்ட்டுக்கு இறக்கினார்கள்.

சாச்சாவுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. அதன் உலோகமும் பிளாஸ்டிக்கும் திடமாக இருக்கின்றன. பொத்தான் எந்த வீட்டுக்கு மணி அடித்ததோ அந்த வீடு கதவை மாற்றிவிட்டது. ஆண்ட்ராய்டு 2.3.7-உம் அதற்கு முந்தையதும் கொண்ட போன்களில் 2021 செப்டம்பர் 27-க்குப் பிறகு கூகுள் கணக்கில் நுழைய முடியாது. இன்றைய இணையதளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 பூட்டுமுறையும் 2.3-க்குத் தெரியாது. தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்ட தனி வழிகளை ஃபேஸ்புக்கும் 2018-இல் மூடத் தொடங்கியது. அந்த வழியாகப் பயனர்களின் விவரங்கள் போன கதையை நியூயார்க் டைம்ஸ் எழுதி, அமெரிக்கக் காங்கிரஸ் விளக்கம் கேட்டது. ஃபேஸ்புக் அளித்த 52 நிறுவனங்களின் பட்டியலில் எச்டிசி இருந்தது, ஐஎன்க்யூ இருந்தது, நம் ஏர்டெல்லும் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பொத்தான் ஒழிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை, உள்ளே குடிபோயிருக்கிறது. இன்று 15,000, 20,000 ரூபாயில் வாங்கும் பல போன்களில் ஃபேஸ்புக் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருகிறது. சிலவற்றில் நீக்கவே வழியில்லை, முடக்கி வைக்கலாம். கடையில் போனைக் கையில் எடுத்ததும் கேமராவுக்கு முன்னால் அமைப்புகளுக்குள் போய், எதையெல்லாம் நீக்க விடுகிறது என்று நான் பார்ப்பது அதனால்தான். விற்பனைப் பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மாமியிடம் ஸ்டிக்கர் பொட்டாவது இருந்தது.

புதுப் பேட்டரியோடு சாச்சாவை மேல்வீட்டுக்கு எடுத்துப் போனேன். மெமரி கார்டில் பாட்டுகள் அப்படியே இருந்தன. மாமா ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே இன்னும் விளக்கு துடிக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் பொட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன்.

சமையலறையிலிருந்து காபியோடு வந்த மாமி, “அதை உரிக்காதே, சொல்லிட்டேன்” என்றார். “அந்த அட்டையில இந்தக் கலர் தீர்ந்துபோச்சு.”

(அடுத்த வாரம்: பேஜர்)