கசியும் நெயில் கன்: 525 ரூபாயா, 2,800 ரூபாயா?

50 லிட்டர் கம்ப்ரசர் டாங்கில் அழுத்தம் 7 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கினால், வெளியே போனது ஏறக்குறைய 50 லிட்டர் காற்று. கசிவை அளக்க இந்தக் கணக்கு போதும். டாங்கை நிரப்பி, கம்ப்ரசரை அணைத்து, ஆணி எடுத்த கன்னை மாட்டி வையுங்கள். மீட்டர் முள் ஒரு பார் இறங்க 5 நிமிடம் ஆனால், நிமிடத்துக்கு 10 லிட்டர் கசிகிறது. கன்னைக் கழற்றிவிட்டும் ஒரு முறை பாருங்கள். அப்போதும் முள் அதே வேகத்தில் இறங்கினால் ஓட்டை ஹோஸிலோ கப்ளரிலோ கம்ப்ரசர் பக்கமோ இருக்கிறது; கன்னைப் பிரிக்கவே வேண்டாம்.

2 எச்.பி. கம்ப்ரசர் 1.5 கிலோவாட் இழுத்து நிமிடத்துக்கு 150 லிட்டர் தருவதாக வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் கசிவுக்கு 0.1 கிலோவாட். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 20 யூனிட். யூனிட் 8 ரூபாய் வீதம் மாதம் 160, வருஷத்துக்கு 1,920. கசிவு 60 லிட்டரானால் மாதம் 960. அதைவிட மோசம், கம்ப்ரசர் தரும் காற்றில் 40 சதவீதம் ஆணிக்குப் போய்ச் சேருவதே இல்லை.

இந்தக் கரன்ட் செலவைக் காட்டிப் புதுசு வாங்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ரிப்பேர் செய்தாலும் கசிவு நிற்கும், புதுசு வாங்கினாலும் நிற்கும். மிச்சமாகும் 160 ரூபாய் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு மட்டுமே அது காரணம்.

சோபா, பிளைவுட் வேலைக்குப் பரவலாக உள்ள எஃப்30 ரகத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஓ-ரிங் செட் 350, கிரீஸ் 50, நாள் கூலி 1,000 வாங்கும் மிஸ்திரிக்கு ஒரு மணி நேரம் 125. மொத்தம் 525. புது கன் 2,800. கரன்ட் மிச்சத்திலேயே முதல் எடுக்க ரிப்பேருக்கு மூன்றே கால் மாதம், புதுசுக்குப் பதினேழரை மாதம்.

சும்மா இருக்கும்போதே டிரிகர் பக்கம் சீறினால் டிரிகர் வால்வின் ஓ-ரிங்கைப் பாருங்கள். டிரிகரை அழுத்தும்போது மூக்கு வழியே காற்று வந்தால் பிஸ்டன் ஓ-ரிங்கோ அடியில் உள்ள ரப்பர் பம்பரோ தேய்ந்திருக்கும். ஹோஸைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. பழைய ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் வெடிப்பு தெரியும்.

பிறகு சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது ஓ-ரிங்கும் சீக்கிரம் கிழிந்துவிடும். அங்கே நான் புதுசுதான் வாங்கச் சொல்வேன். பாடியில் வெடிப்பு இருந்தாலும் அப்படியே. ஆணியை அடிக்கும் பிளேடும் மழுங்கியிருந்தால் அந்த 525-உடன் பிஸ்டன் செட் 700, கூடுதல் கூலி 125 சேர்த்து 1,350 ஆகும். புது விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. சிலிண்டர் சுத்தமாக இருந்தால் அதுவும் செய்யத் தகுந்த செலவே.

பலர் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு. உதிரிபாகம் வரும்வரை ஆள் ஒரு நாள் சும்மா நின்றால் 525 ரூபாய் ரிப்பேர் 1,525 ஆகிவிடும். 350 ரூபாய் ஓ-ரிங் செட்டை முன்கூட்டியே வாங்கி டப்பாவில் போட்டு வைத்தால் அந்த ஆயிரம் போகாது.