சர்க்கரை நோயும் சிறுநீரகமும்

மல்லேஸ்வரத்தில் சாங்கி ஏரிக்கரையில் காலையில் நடக்கும் நம்மவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர். இரத்தச் சர்க்கரையைத் தவறாமல் பார்ப்பவர்கள்கூடச் சிறுநீரகத்தை மறந்துவிடுகிறார்கள். வலி இல்லை, வீக்கம் இல்லை என்பதே காரணம். கால் வீங்கும் வரை காத்திருந்தால் நோய் முற்றிவிட்டிருக்கும்.

இரத்தத்தில் கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. சிறுநீரகத்தின் திறன் பாதியளவு குறைந்த பிறகும் அது சரியாகவே காட்டக்கூடும். அதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கலாம். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு பரிசோதனைகள் தேவை. ஒன்று, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். இது 30 மி.கி.க்குக் கீழ் இருக்கவேண்டும். மற்றொன்று, இரத்தக் கிரியேட்டினினைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டும் திறன். ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்றிருக்கும், இது 60-க்குக் குறையக்கூடாது.

காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் அல்புமின் தற்காலிகமாகக் கூடும். ஒரே முடிவைக் கண்டு அஞ்சவேண்டாம். மருத்துவர் சில மாதங்களில் மறுபடியும் பார்ப்பார். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி, தக்க மருந்துகளால் டயாலிசிஸ் வராமல் தடுக்கலாம்; தள்ளியாவது போடலாம். மூட்டுவலிக்குத் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவதைத் தவிர்க்கவேண்டும்.

ரிப்போர்ட்டுகளை ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஊருக்குப் போனாலும் அங்குள்ள மருத்துவருக்கு உதவும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், அவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.