விசையுந்து முடுக்கி சிக்குதல்

விசையுந்து முடுக்கி சிக்குதல் என்பது மோட்டார் சைக்கிள், மொபெட், ஸ்கூட்டர் ஆகியவற்றின் வலது கைப்பிடியில் உள்ள முடுக்கி, முறுக்கிய கையை விட்ட பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாமல் நின்றுவிடும் பழுதாகும். பேச்சு வழக்கில் முடுக்கி 'ஆக்சிலேட்டர்' எனப்படுகிறது. கையை விட்டவுடன் தானாக மூடிக்கொள்வதே இதன் முதன்மையான பாதுகாப்பு இயல்பு. அது தவறினால், ஓட்டுபவர் வேகத்தைக் குறைக்க முயலும்போதும் எந்திரம் வண்டியை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அமைப்பு

கைப்பிடியை முறுக்கும்போது, உறைக்குள் ஓடும் கேபிள் இழுபடுகிறது. கார்புரேட்டர் உள்ள பல வண்டிகளில் கேபிளின் மறுமுனை, 'ஸ்லைடு' எனப்படும் உருளை வடிவ அடைப்பானை மேலே தூக்குகிறது. அதனால் எந்திரத்திற்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகுகின்றன. கையை விட்டதும் ஸ்லைடின் மேலுள்ள சுருள்வில் அதைக் கீழே தள்ளுகிறது. ஆகவே வண்டியை முடுக்குவது கை. மூடுவது சுருள்வில் மட்டுமே. கைப்பிடி, கேபிள், ஸ்லைடு ஆகிய மூன்றில் எங்கு உராய்வு மிகுந்தாலும் சுருள்வில் தோற்றுவிடும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தும் முறை இடம்பெற்றது. இவற்றில் ஸ்லைடுக்கு மாற்றாகத் தட்டு வடிவ அடைப்பான் உண்டு. எனினும் பலவற்றில் கேபிள் தொடர்கிறது. கேபிளே இல்லாத மின்னணு முடுக்கி கொண்ட வண்டிகளுக்குக் கீழ்க்காணும் முறை பொருந்தாது.

காரணங்கள்

* கைப்பிடி ரப்பர் நழுவி, கைப்பிடிக் குழாயின் முனையிலோ சுவிட்சுப் பெட்டியிலோ உரசுதல்.
* கேபிள் உறைக்குள் நீர் புகுந்து துருப்பிடித்தல்.
* கேபிளின் உட்கம்பி இழைகள் பிரிந்து உறையில் சிக்குதல்.
* பெட்ரோல் டாங்கிக்கு அடியில் கேபிள் மடங்கியோ நசுங்கியோ இருத்தல்.
* ஸ்லைடில் தூசியோ கசடோ படிதல்.
* கார்புரேட்டரை எந்திரத்துடன் இணைக்கும் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியதால் அதன் உடல் கோணி, ஸ்லைடைப் பிடித்தல்.

கண்டறிதல்

எந்திரத்தை அணைத்துவிட்டு, முன்சக்கரத்தை நேராகவும், முழுதும் இடப்புறமாகவும், முழுதும் வலப்புறமாகவும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் முடுக்கியை முறுக்கி விட வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் சிக்கினால் கேபிள் செல்லும் வழியே பெரும்பாலும் காரணம். எல்லா நிலைகளிலும் சிக்கினால் பகுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகிக் கழற்றி, ஸ்லைடை வெளியே எடுத்து, சுருள்வில்லை அமுக்கிக் கேபிளை விடுவிக்கலாம். இப்போது ஸ்லைடை மட்டும் அதன் துளையில் இறக்கினால் தன் எடையாலேயே வழுக்கிச் செல்ல வேண்டும். செல்லாவிடில் பழுது கார்புரேட்டரில் உள்ளது. ஸ்லைடு தடையின்றிச் சென்றால், கேபிளைக் கைப்பிடியிலிருந்தும் விடுவித்துக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கேபிளும் தடையின்றி ஓடினால் பழுது கைப்பிடியில் உள்ளது.

முடுக்கி சரியாகத் திரும்பியும் எந்திரம் மிகை வேகத்தில் ஓடினால், கார்புரேட்டருக்கும் எந்திரத்திற்கும் இடையிலான ரப்பர் இணைப்பில் வெடிப்பு ஏற்பட்டுக் காற்று புகுகிறதா என்று பார்க்க வேண்டும். இது முடுக்கிச் சிக்கலைப் போலவே தோன்றும் வேறு பழுதாகும்.

சரிசெய்தல்

இழை பிரிந்த கேபிளைப் பற்றவைக்காமல் மாற்றிவிட வேண்டும். துரு சிறிதளவே இருந்தால் கேபிளை நிமிர்த்திப் பிடித்து, மேல்முனையில் இலேசான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடிமுனையில் வடியும்வரை காத்திருக்கலாம். உட்புறம் நைலான் பூசிய கேபிள்களுக்கு எண்ணெய் தேவையில்லை.

ஸ்லைடைத் துடைத்து, எண்ணெய் இடாமல் பொருத்த வேண்டும். அதன் பள்ளம் கார்புரேட்டரினுள் உள்ள முளையில் பொருந்துவதும், அடியில் சாய்வாக வெட்டிய பக்கம் காற்று வடிகட்டியை நோக்கியிருப்பதும் இன்றியமையாதவை.

கேபிளின் தளர்வு

முடுக்கியைத் திருப்பத் தொடங்கியதும் கேபிள் இறுகுவதற்கு முன் சிறிது வெற்று அசைவு இருக்க வேண்டும். இதனை மெக்கானிக்குகள் 'பிளே' என்பர். கைப்பிடியின் வெளிவிளிம்பில் அளந்தால் பல வண்டிகளில் இது 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கும், வண்டிக்குரிய கையேட்டின் அளவே இறுதியானது. லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி அளவை அமைத்து, மீண்டும் லாக் நட்டை இறுக்க வேண்டும். அதன் பின்னரே ஐடிலிங் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். கேபிள் விறைத்திருந்தால் ஸ்லைடு அந்தத் திருகாணியின் மேல் அமராமல் கேபிளில் தொங்கும்; திருகாணியைத் திருப்பிப் பயனில்லை. முடிவில் எந்திரத்தை ஓடவிட்டு முன்சக்கரத்தை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது வேகம் உயரக் கூடாது.

விருதுநகர், சிவகாசிப் பகுதியில்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்கள் மழை குறைந்த, கரிசல் நிலம் மிகுந்த பகுதிகள். கரிசல் மண்ணின் நுண்தூசி, கேபிள் முனைகளில் பூசிய கெட்டிக் கிரீசில் ஒட்டிப் பசைபோல் இறுகிவிடும். எனவே இங்கு இலேசான எண்ணெயே ஏற்றது. வெளியே கசிந்ததைத் துடைத்துவிட வேண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கேபிளைச் சோதிப்பது நன்று.

பட்டாசுத் தொழிலில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் முதலியவை பயன்படுகின்றன. கார்புரேட்டரைக் கழற்றும்போது பெட்ரோல் சிந்தும். அதன் ஆவி காற்றைவிட எடை மிகுந்ததால் தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள தீயையும் எட்டும். ஆகவே இவ்வேலையைத் திறந்த வெளியில், எந்திரம் ஆறிய பின், மருந்துத் தூள் படிந்த வேலை உடையை மாற்றிவிட்டுச் செய்ய வேண்டும். பட்டாசு ஆலை, கிடங்கு, தீப்பெட்டிக் கட்டுகள் வைத்த இடம் ஆகியவற்றின் அருகில் செய்தல் கூடாது.

ஓட்டத்தில் சிக்கினால்

கிளட்ச் உள்ள வண்டியில் உடனே கிளட்சைப் பிடித்து, எந்திரத்தை நிறுத்தும் சுவிட்சை அணைத்து, இரு பிரேக்குகளையும் சீராக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். ஓசூரில் 1980 இல் அறிமுகமான டிவிஎஸ் 50 போன்ற மொபெட்டுகளில் கிளட்ச் பிடி இல்லை. எந்திரம் வேகமெடுத்தாலே சக்கரத்துடன் இணைந்துவிடும். எனவே அவற்றில் சுவிட்சையோ சாவியையோ அணைப்பதே முதல் வேலையாகும். சாவியைக் கைப்பிடிப் பூட்டு நிலை வரை திருப்பிவிடக் கூடாது. சிக்கிய முடுக்கி தானாக விடுபட்டாலும், காரணம் அறியும்வரை அவ்வண்டியை ஓட்டுதல் தகாது.